சீருக்கு வைத்த மோட்டார் சைக்கிள்

என் வாய்க்கொழுப்பால்தான் கல்யாணம் நின்றது என்று நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் வெகுநாள் பேசினார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இன்றைக்கும் யாராவது ஒருவர் எனக்குக் கேட்கிற மாதிரி அதைச் சொல்லிவிட்டுப் போவதுண்டு. பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்டேன். இருந்தும் விடுவதில்லை. ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். எல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளால் வந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், அதன் இரண்டு சக்கரங்களால் வந்தது. அந்தச் சக்கரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கியவள் நான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் டவுனுக்கு வெளியே ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வேலை பார்த்தான். அந்தத் தோட்டத்துத் துரை சீமைக்குப் புறப்படும்போது, ஷெட்டில் கிடந்த தன் பழைய மோட்டார் சைக்கிளை அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் போனார். உலகச் சண்டைக்கு முன்னால் செய்த வண்டி. யாரோ பந்தயத்தில் ஓட்டுவதற்காக அதன் இரும்பு ரிம்களைக் கழற்றிவிட்டு, கனம் குறைந்த அலுமினிய ரிம்களைப் போட்டிருந்தார்கள். பிறகு வந்த துரை அதைக் கடற்கரை மணலில் ஓட்டி ரிம்களை உப்பில் ஊறவைத்து, பொரிப்பொரியாக அரித்துப்போனதும் அசிங்கம் தெரியாமலிருக்க மேலே கறுப்புப் பெயிண்டைப் பூசி வைத்திருந்தார். வண்டி லோரியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பழைய இரும்புக்காரன்கூட இதை எடுக்க மாட்டான் என்று அப்பா சொன்னார்.

அப்பாவுக்குப் பேருந்துக் கம்பெனியில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலை. அதனால் எந்த பஸ் எந்தச் சடக்கில் எதுவரை போகும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். செமாபோக்கைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில், அடுத்த ஆண்டு தொடக்கத்திலிருந்து தற்காலிக ஆசிரியையாக என்னை எடுத்துக்கொள்வதாக அதன் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். எனக்கு அது தவிர வேறு நினைப்பே இல்லை. ஆனால் பஸ் அங்கே போகாது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து பால்மரக் காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும். பொட்டப்பிள்ளையைத் தனியாக அந்தக் காட்டில் நடக்க விட மாட்டேன் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார்.

அப்போதுதான் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னான். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டில் குடியிருந்த அத்தை எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"இஞ்சின நான் பாத்துக்கிறேன். சக்கரத்த நீ தேய்ச்சு சுத்தம் பண்ணு. வண்டி ஓட ஆரம்பிச்சதும் ஒனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கிறேன். எனக்குத் தோட்டத்து லோரி வருது. நீ வண்டிய எடுத்துக்கிட்டு ஸ்கூலுக்குப் போய்ட்டு வா."

"பொம்பளப் புள்ள மோட்டர் ஓட்டுறதா?" என்றாள் அம்மா.

"கொஞ்ச நாள்ல நம்ம நாடு. யாரு கேக்கப் போறா?" என்றான் அண்ணன். அப்பா சரி என்று தலையாட்டினார். நான் அன்று மத்தியானமே பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தேன்.

சக்கரம் தேய்ப்பது என்றால் சட்டி விளக்குவது மாதிரி என்று எங்கள் வீட்டு வரிசையில் எல்லாரும் நினைத்தார்கள். கிணற்றடிக்கு வருகிற ஒவ்வொருத்தியும் எனக்கு ஒரு யோசனை சொன்னாள். அடுப்புச் சாம்பலைப் போடு, சலவைச் சோடாவைப் போடு என்றார்கள். அலுமினியச் சட்டியில் சலவைச் சோடா பட்டால் சட்டி கறுத்துப்போகும் என்பது அந்த வீடுகளில் தினமும் பாத்திரம் விளக்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். சக்கரமும் அதே அலுமினியம்தான் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. சோடா, சாம்பல், சுண்ணாம்பு மூன்றையும் சக்கரத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று அத்தையிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுக்கொள்வாள்.

பெயிண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கொட்டாங்கச்சிச் சில்லால் சுரண்டி எடுத்தேன். கத்தி வைத்தால் கீறிவிடும். பெயிண்டுக்கு அடியில் ரிம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சொரசொரப்பான உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்த வெள்ளையையும் குழிகளையும் தேய்த்து எடுத்தேன். அந்தத் தாள் போட்ட கோடுகளை அதைவிட நைசான தாளால் அழிக்க வேண்டும். அது போடுகிற கோடுகளை இன்னும் நைசான தாளால் அழிக்க வேண்டும். ரிம்மின் வளைவு போகிற போக்கிலேயே கை போக வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் பழையபடி முதல் தாளுக்குப் போக வேண்டியதுதான். கம்பிகளுக்கு நடுவில் விரல் நுழையாது. அப்பாவின் பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, கம்பிக்குப் பின்னால் கொடுத்து, மோர் கடைகிற மாதிரி இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பேன். கடைசியில் பித்தளைக்குப் போடுகிற பாலிஷ். அலுமினியத்தில் அது பட்டதும் மை மாதிரிக் கறுப்பாகக் கக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்துப் பயந்து துடைத்துவிட்டால் காரியம் கெட்டது. அதன் மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தால் திடீரென்று அடியிலிருந்து வெளிச்சம் வரும். பிறகு அரிசி மாவைத் தூவி எண்ணெய்ப் பசையை ஒற்றி எடுக்க வேண்டும்.

முதல் சக்கரத்தில் என் முகம் தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. கையெல்லாம் கறுப்பு, நகக்கண்ணெல்லாம் கறுப்பு. சோறு பிசையும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்கு என்ன கவலை? நான் தேய்த்தது சக்கரத்தை அல்ல, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியை என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இஞ்சினை ஒரு சீனன் பட்டறையில் கொடுத்து ஓட வைத்தான். ஓட ஆரம்பித்ததும் அவன் போக்கு மாறியது. இன்றைக்குக் கத்துக் குடு என்றால் நாளைக்கு என்பான், நாளைக்குக் கேட்டால் பெட்ரோல் இல்லை என்பான். டவுனில் பண்டார் ஹிலிர் பக்கம் போய் நாலு சுற்றுச் சுற்றிவர மட்டும் பெட்ரோல் இருந்தது. மெர்டேக்கா நாளன்று ஹாண்டில்பாரில் சின்னக் கொடி கட்டிக்கொண்டு அவன் ஊர்வலத்தோடு போனான். நான் சடக்கோரத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். வெயிலில் சக்கரம் இரண்டும் ஜொலித்தன. பக்கத்தில் நின்றவர்கள் அண்ணனை நிறுத்தி, யார் செய்த வேலை என்று கேட்டார்கள்.

"நான்தான். லீவு நாள் பூரா ஒக்காந்து தேய்ச்சேன்" என்றான்.

நான் அவனுக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான்.  இருந்தாலும், வண்டி கைக்கு வந்தால் போதும், பேரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடிய வாயைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசுவதில்லை.

அந்த ஊர்வலத்தில் வண்டியைப் பார்த்துவைத்தவர்களில் ஒருவர்தான் எனக்கு வந்த மாப்பிள்ளை. பண்டார் ஹிலிரில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை. தரகர் மூலம் பெண் கேட்டு வந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போய் நின்றபோது மாப்பிள்ளை கதவு வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி அங்கேதான் நின்றது. தட்டிலிருந்த கிளாசைக்கூடப் பார்க்காமல் எடுத்தார். அவர்கள் கிளம்பிப் போனபிறகு தரகர் பின்தங்கி நின்று, பெண் பிடித்திருக்கிறது, சீரில் அந்த மோட்டார் சைக்கிளையும் சேர்த்து வைத்தால் மேற்கொண்டு பேசலாம் என்றார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன நாற்காலிகளுக்கு ஆபீஸ்களில் ஆள் எடுக்கிறார்கள், மைத்துனன் உள்ளே இருந்தால் தனக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும் என்பது அவன் கணக்கு. அப்பா என்னைக் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை. சக்கரத்தைத் தேய்த்தவள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாளே என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

"அப்ப ஸ்கூலு?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"கல்யாணம் ஆனப்புறம் ஸ்கூலு எதுக்கு? வண்டிதான் ஒன்கூடவே வருதே. மாப்ள ஓட்டுவாரு, நீ பின்னால ஒக்காந்துக்க."

 என் கையால் நானே எனக்குச் சீர் செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற வெட்கம் என்று அத்தை எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள்.

நிச்சயதார்த்தத்தன்று வண்டியை மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தினார்கள். என் கை கறுப்பு தெரியாமலிருக்க முந்தைய நாளே அம்மா விரல் முழுக்க மருதாணி அப்பிவிட்டிருந்தாள். என்னை உள்ளறையில் உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளைக்குச் சுற்றினாள். பிறகு, எத்தனை கண் பட்டதோ என்று வண்டிக்கும் சுற்றினாள். அதோடு விட்டாளா? தட்டிலிருந்த தண்ணீரை முன் சக்கரத்தில் பாதியும் பின் சக்கரத்தில் பாதியுமாக ஊற்றினாள்.

ஆரத்தித் தண்ணீர் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும். வெளியூர் ஆட்கள் முன்னால் சிவப்பு எடுப்பாக இருக்க வேண்டும் என்று அத்தை அன்று தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் வழித்துப் போட்டுக் கரைத்திருந்தாள். தண்ணீர் விழுந்த சத்தம் எனக்கு உள்ளறையில் கேட்டது. பட்டுப்புடவையோடு எழுந்து ஓடினேன். கையில் கிடைத்த துண்டால் துடைக்கப் போனவளின் மணிக்கட்டை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"தொடாத. ஆரத்தித் தண்ணிய தொடைக்கக் கூடாது. தானா காயணும். தொடைச்சா திருஷ்டி ஒன் கையில ஏறிக்கும்."

"அத்த, சுண்ணாம்பு. அலுமினியம் கறுத்துப் போயிரும்."

"நல்ல நாளும் அதுவுமா கறுக்கும் கிறுக்கும்னு சொல்லாத. உள்ள போ."

நாலு பெண்களாகச் சேர்ந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். பாக்கு வெற்றிலை மாற்றினார்கள், சாப்பிட்டார்கள், தாம்பூலம் போட்டார்கள். அத்தனை நேரமும் வெயிலில் அந்தச் சுண்ணாம்பு என் வேலையைத் தின்றுகொண்டிருந்தது. நான் உள்ளே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு நிச்சயமானது பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை நேராக வண்டியிடம் போனார். குனிந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தார். காய்ந்த சிவப்பு உதிர்ந்தது, அடியில் இருந்தது போகவில்லை. இரண்டு ரிம்களிலும் தண்ணீர் வழிந்த தாரை தாரையாகச் சாம்பல் நிறத்தில் பொரிந்து, ஓரம் கறுத்துக் கிடந்தது. என்ன இது என்று கேட்டார். அண்ணன் ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்ல மாப்ள. நான் தேய்ச்சா போயிரும்."

அத்தைக்குத் தன்மேல் பழி வந்துவிடக் கூடாது என்ற பதற்றம். "நீ எங்கப்பா தேய்ச்ச? அவதானே அஞ்சாறு மாசமா ஒக்காந்து தேய்ச்சா. அவளே மறுபடி தேய்ச்சுக் குடுப்பா" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பொண்ணு தேய்ச்சதா? அப்ப நல்லதாப் போச்சு. வாராவாரம் தேய்க்க வீட்டுலயே ஆள் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வாசற்படியில் இறங்கி நின்றேன். கத்தவில்லை. ஊரில் சொல்கிற மாதிரி யாரையும் வையவும் இல்லை. சொன்னது இவ்வளவுதான்.

"நான் தேய்ச்சது ஒங்களுக்கு இல்ல. நான் ஓட்டிக்கிட்டு ஸ்கூலுக்கு வேலைக்குப் போறதுக்குத் தேய்ச்சேன். அண்ணன் குடுக்கிறேன்னு சொன்ன வண்டி. எல்லாரும் கேட்டாங்க."

மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைப் பார்த்தாள். "எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு வேலைக்குப் போறது இல்லம்மா" என்றாள்.

"அப்ப நான் வரல" என்றேன்.

இதுதான் என் வாய்க்கொழுப்பு. அவர்கள் கார் ஏறிப் போனார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைக்கூட மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள் அம்மா.

அந்த வாரக் கடைசியில் தரகர் வந்தார். பெண் சரிப்பட்டு வராது, நிச்சயத்தை விட்டுவிடலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அது எனக்குத் தெரிந்ததுதான். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு விஷயம் என்று ஆரம்பித்தார். மோட்டார் சைக்கிளை மட்டும் விலைக்குக் கொடுப்பீர்களா என்று மாப்பிள்ளை கேட்கச் சொன்னாராம். கறையை எடுத்துப் பழையபடி பளபளவென்று கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். கறையோடு வேண்டாமாம்.

நான் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அல்லது அப்பா எழுந்து தரகரை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் உட்கார்ந்து அதைப் பற்றி நிதானமாகப் பேசினார்கள். கொடுத்துவிட்டால் மனஸ்தாபம் தீரும் என்றாள் அம்மா. பழகின மனுஷர் நாளைக்கு ஆபீஸில் உதவுவார் என்றான் அண்ணன். மகளை வேண்டாம் என்று சொன்னவனுக்கு வண்டியைத் துடைத்துக் கொடுப்பதில் இவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அன்று எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கையெழுத்தைக் கோணலாக்குகிறது.

முதலில் அண்ணன் தானே தேய்த்துப் பார்த்தான். சொரசொரப்புத் தாளை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்ததில் கறையோடு கீறலும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு பாலிஷ் டப்பாவையும் துணியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"கறைய மட்டும் எடுத்துக் குடு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

"மொதல்ல ஓட்டக் கத்துக் குடு. அப்புறம் தேய்க்கிறேன்" என்றேன்.

அவனுக்கு வேறு வழியில்லை. கிளேபாங்கில் கடலோரமாகப் போகிற சடக்கில் ஆள் நடமாட்டம் இல்லாத காலை நேரங்களில் கற்றுக்கொடுத்தான். கிளட்சை விடத் தெரியவில்லை என்று திட்டினான், கழுதை என்றான். நான் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். வேலியில் மோதினேன், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். சிவப்பில் எல் எழுத்துப் போட்ட அட்டையைக் கட்டிக்கொண்டு செமாபோக் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்புகிற அளவுக்குக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் டப்பாவோடு வந்து நின்றான். "கத்துக்கிட்டல்ல? இப்ப தேய்."

"தேய்க்க மாட்டேன்."

"வாக்குக் குடுத்தல்ல?"

"நீயுந்தான் குடுத்த. நீ எப்படிக் காப்பாத்துனியோ அப்படித்தான் நானும்."

அவன் அப்பாவைக் கூப்பிட்டான். அம்மாவும் அத்தையும் வந்தார்கள். எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் நான் சொன்னேன்.

"கறை போனா வண்டி போயிரும். கறை இருக்கிற வரைக்கும் அந்த ஆளு இதத் தொட மாட்டாரு. இருக்கட்டும். எனக்கு ஸ்கூலுக்குப் போகணும், அதுக்குச் சக்கரம் சுத்துனாப் போதும்."

அப்பா குனிந்து சக்கரத்துக் கறையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். அண்ணன் டப்பாவைத் தூக்கி வேலிக்கு வெளியே எறிந்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை நான் பசியாறிவிட்டு வண்டியை உதைத்தேன். எங்கள் வரிசையில் எல்லா வாசல்களிலும் ஆள் நின்றார்கள். ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போவதை அந்தச் சடக்கில் அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. நான் அவர்களைத் தாண்டிப் போகும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது இஞ்சின் சத்தத்தையும் மீறி என் காதில் விழுந்தது.

"சக்கரத்தப் பாரு, எவ்ளோ அழுக்கு. ஒரு பொம்பள ஓட்டுற வண்டியா இது?"